மாற்றுமெய்யர் பெற்ற ஞானம் யாருக்கு உரியது

புத்தர் திருவடி வாழ்க. அறம் வாழ்க. சங்கம் வாழ்க. நீர் வற்றாத குவளை நாட்டுக்கும், அதன் ஏரிகளுக்கும், ஏரிக்கரைக் குடிகளுக்கும், அவர்தம் கன்றுகாலிகளுக்கும் நலம் பெருகுக. களம் பல வெல்வித்தவரும், குளம் பல வெட்டுவித்தவரும், விகாரங்கள் எடுப்பித்தவரும், நூல்கள் இயற்றுவித்தவருமாகிய மாமன்னர் நெடுங்குவளைக்கோ திருவாய் மலர்ந்தருள, அவர் ஆணை தாங்கிய தலைமை அமைச்சன் எயினன் பூதன், வெண்கோட்டு மலை மண்டலத்தைக் காக்கும் தலைவரும், எம் அம்மான் மகனும், ஆணை என்றால் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுபவருமாகிய தேற்றன் கீரனாருக்கு விடுக்கும் ஓலை.

முதலில் வாளை உறையில் போடும். மாற்றுமெய்யர் சேந்தன் நாகனின் தலை அவருடைய கழுத்தின் மேலேயே இருக்கட்டும். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

வாழ்த்து முடிந்தபின் வரலாறு, வரலாறு முடிந்தபின் ஆணை என்பது நம் நாட்டு ஓலை முறை. அதை யாம் அறியாதவர் அல்லோம். ஆயினும் நீர் ஓலையை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு சொல்லையும் வாயில் வைத்துச் சுவைத்துப் படிப்பவர் என்பதும், படித்து முடிப்பதற்குள் முழுநிலா எழுந்துவிடக் கூடும் என்பதும் எமக்குத் தெரியும். ஆகையால் முறையை மீறினோம். பட்டத்து யானை மலைக்காற்று வாங்க உம்மிடம் வந்தபோது, மறு ஓலை வரும்வரை அதை அங்கேயே நிறுத்தி வைக்க என எழுதியிருந்தோம். தங்க வைக்க என்பது எம் கருத்து. நீரோ அது படுக்கப் போகும்போதெல்லாம் முழவு அறைந்து எழுப்பி, அதை நிறுத்தியே வைத்தீர். அந்த யானை இன்றும் முழவொலி கேட்டால் கண்ணீர் விடுகிறது. இவ்வோலை கொண்டுவரும் குதிரைக்குத் தண்ணீர் காட்டும். காட்டுவது என்றால் குடிக்க விடுவது எனக் கொள்க.

இனி, முன்சென்ற ஓலையில் ஞானத்தை வாங்குக, இல்லையேல் தலையை வாங்குக என ஆணையிட்ட அரசர், இன்று இரண்டையும் வாங்க வேண்டாம் என்று சொல்லக் காரணம் என்ன என்பதை நீர் அறிய வேண்டும். அறியாவிட்டால் இவ்வோலை பொய்யோலை என்று ஐயுற்று, எம் தூதனையும் பிடித்து உள்ளே வைத்துவிடுவீர்.

மாற்றுமெய்யர் என்னும் பதவி நம் நாட்டில் மட்டுமே உள்ளது. வெளிநாட்டுத் தூதர்களுக்கு இதை விளக்கப் புகுந்து யாம் பலமுறை நாக்கு உலர்ந்திருக்கிறோம். அரசர் நோன்பிருக்க வேண்டிய நாளில் அவருக்காகப் பட்டினி கிடப்பதும், அரசர் துக்கம் காக்க வேண்டிய நாளில் அவருக்காகத் தலை மழித்துக்கொள்வதும், அரசருக்கு நோய் வந்தால் மருத்துவர் காய்ச்சிய கசாயத்தை அவருக்காகக் குடிப்பதும் மாற்றுமெய்யரின் கடமை. குடிக்கும்போது முகம் சுளிக்கலாகாது. அந்நேரத்தில் அது அரசருடைய முகம். அரசர் பிழைத்தால் கசாயம் பலித்தது என்போம். பிழைக்காவிட்டால் மாற்றுமெய்யர் மனமொன்றிக் குடிக்கவில்லை என்போம். நாகனின் தந்தைக்கு இப்பதவி இருந்தது, தந்தைக்குப்பின் நாகனுக்கு வந்தது. அவர் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. குறை சொல்ல அவருக்கு வாய் எப்போது ஓய்ந்தது என்பதும் எமக்குத் தெரியவில்லை.

இப்படி எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருக்கையில், கடலுக்கு அப்பாலுள்ள ஒரு மன்னன் முடிதுறந்து மெய்ஞ்ஞானம் பெற்றான் என்னும் செய்தி கப்பலோடு வந்து இறங்கியது. நம் மன்னர் அன்று உணவில் மனம் செலுத்தவில்லை. அவனிடம் இருப்பதும் நம்மிடம் இல்லாததுமான பொருள் ஒன்று உலகில் இருக்கலாமா என்று அவையைக் கேட்டார். இருக்கலாகாது என்று அவை ஒருமுகமாகச் சொல்லிற்று. யாமும் சொன்னோம், எம் குரல் சற்று உரக்கவே கேட்டிருக்கும்.

உம் மலையில் மூன்று விகாரங்கள் உள்ளன அல்லவா. வடவிகாரத்தார் மூச்சை நோக்கி அமர்ந்திருப்பர், கீழைவிகாரத்தார் அறவுரைகளை ஓதிக்கொண்டே இருப்பர், தென்விகாரத்தார் மருந்துச்சாலை நடத்திப் பிணியாளர்க்குப் பணி செய்வர். இம்மூன்றில் எது குறுக்கு வழி என்று அரசர் கேட்டனுப்பினார். நில அளவைக்காரர்களையும் அனுப்பினார். வடவிகாரத்துக்கு ஏற்றம் அதிகம், கீழைவிகாரத்து வழியில் அட்டை மிகுதி, தென்விகாரத்துக்கு வண்டி போகும் என அவர்கள் கோலும் கயிறுமாக அளந்து வந்து உரைத்தனர். விகாரத் தலைவர்களோ, அவரவர் இயல்புக்கு ஒரு வழி பொருந்தும் என்றும், பித்த உடம்புக்காரனுக்குக் கொடுத்த மருந்தைக் கப உடம்புக்காரனுக்குக் கொடுப்பதில்லை என்றும், எவ்வழியாயினும் போகிறவர்தாம் நடக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். கடைசி வாக்கியத்தை யாம் அரசருக்கு மெதுவாகப் படித்தோம். அது அவர் காதில் விழவில்லை.

ஆகவே, நாகனை அனுப்புவது என்றும், எது குறுக்கு வழி என்று தெளிவாகாததால் மூன்று வழியிலும் அவர் ஒருசேரச் செல்ல வேண்டும் என்றும் முடிவாயிற்று. மூச்சை நோக்கிக்கொண்டே ஓத வேண்டும், ஓதிக்கொண்டே புண் கழுவ வேண்டும். ஓதினால் மூச்சு நோக்க முடியவில்லை, மூச்சை நோக்கினால் ஓத முடியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முயன்றபோது தமக்கு உயிர் பிரியும் மந்திரம் சொல்லப்படுகிறது என்று எண்ணிய பிணியாளர்கள் படுக்கையை விட்டு எழுந்து ஓடினார்கள். நடக்கவே மாட்டார் என்று கைவிடப்பட்ட ஒரு முதியவரும் ஓடினார் என்றும், அதை அற்புதம் என்று தென்விகாரத்தார் கொண்டாடினார்கள் என்றும் நீரே எமக்கு எழுதினீர். பிறகு மூன்று தலைவர்களும் கூடிப் பேசி, ஒவ்வோர் இடத்திலும் சிறிது காலம் என்று அவரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். வடக்கே அவர் தூங்கி விழுந்தார். கிழக்கே அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தெற்கே பிணியாளர்களிடம் வசவு வாங்கினார்.

அந்தத் தெற்கில்தான் அது நிகழ்ந்தது. முறைக்காய்ச்சலால் வாடிய உப்பு வணிகன் ஒருவன், நிலவேம்புக் கசாயத்தைப் பார்த்து முகம் திருப்பி, அரண்மனை மாற்றுமெய்யர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், எனக்காக இதையும் குடித்துவிடும் என்று வேண்டினானாம். நாகன் பழக்கத்தால் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனார். கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். நெடுநேரம் நின்றார் என்கிறார்கள். பிறகு கிண்ணத்தை வணிகன் கையில் கொடுத்து, இதை நான் குடித்தால் எனக்குத்தான் கசக்கும், உமக்குக் காய்ச்சல் தீராது, இத்தனை காலமும் எனக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தாராம். அன்று முதல் அவர் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்து, பொறாமைக்குப் பேர்போன மூன்று விகாரத் தலைவர்களும் ஒரே சொல்லாக, இவர் பெற்றுவிட்டார் என்றார்கள். யாருடைய வழியில் பெற்றார் என்பதில் மட்டும் இன்றுவரை சண்டை. நாகனையே கேட்டதற்கு, எங்கே தூங்கினேன் எங்கே விழித்தேன் என்பது எனக்குத் தெரியும், அடுத்து வருகிறவர் தூங்கும் இடம் வேறாக இருக்கலாம் என்று சொல்லி நழுவிவிட்டார்.

செய்தி கோநகரை எட்டியது. ஊரெங்கும் தோரணம் கட்டினோம். அரசர் ஞானம் அடைந்தார் என்று யானை மேல் முரசறைந்தோம். யானை கண்ணீர் விட்டது. அது பக்திக் கண்ணீர் என்று மக்களுக்குச் சொல்லிவிட்டோம். அரண்மனை வாயிலில் கல்வெட்டு வெட்ட ஆயத்தமாயிற்று. குளம் வெட்டுவித்தான், விகாரம் எடுப்பித்தான் என்னும் வரிகளின் கீழே ஞானம் பெறுவித்தான் என்று ஒரு வரி சேர்ப்பதென முடிவு.

அங்கேதான் வினை வந்தது. அவை இலக்கணப் புலவர் கண்ணத்தனார், எதற்கும் வாய் திறக்காதவர், அன்று பார்த்து வாய் திறந்தார். குளத்தை வெட்டுவித்தால் குளம் வெட்டுவித்தவனுக்கு, சோற்றை உண்பித்தால் வயிறு நிறைவது உண்டவனுக்கு, ஞானம் குளத்தின் இனமா சோற்றின் இனமா என்பதைச் சங்கத்தார் சொல்ல வேண்டும், எமக்கு இலக்கணம் மட்டுமே தெரியும் என்றார். கல் தச்சன் உளியைக் கீழே வைத்துவிட்டான். அரசர் முகம் கறுத்தது. பெறுவித்தான் என்றால் பெற்றவன் வேறொருவன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை காலமும் எம் கல்வெட்டுகளில் எம்மைத் தவிர மற்ற எல்லாரும் ஏதாவது செய்திருக்கிறார்களே என்று அவர் முணுமுணுத்ததை அருகிலிருந்த யாம் மட்டும் கேட்டோம். கேளாதவர் போல் இருந்தோம்.

பிறகு நடந்தது உமக்குத் தெரியும். அரசர் செலவில், அரசர் பெயரால், அரசருக்காகப் பெற்ற பொருளைத் தம்மிடமே வைத்துக்கொண்டிருப்பது அரசுடைமைக் களவு என்று நாகன் மேல் குற்றம் சாட்டப்பட்டது. முழுநிலாவுக்குள் ஒப்படைக்க வேண்டும், தவறினால் தலை போகும் என்று உமக்கு ஓலை வந்தது. அதற்கு நாகன், தருவதற்குத் தடையில்லை, எங்கே வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அல்லவா. நீரும் எடுக்கப் புகுந்தீர். துவராடையைத் தையல் பிரித்துப் பார்த்தோம், பிச்சை ஓட்டைக் கவிழ்த்துப் பார்த்தோம், வாயைத் திறக்கச் சொல்லியும் பார்த்தோம், கடைவாய்ப் பல் ஒன்று குறைகிறது, ஞானம் காணவில்லை என்று நீர் அனுப்பிய ஓலையை, கீரனாரே, யாம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம். மனம் சோர்ந்த நாள்களில் எடுத்துப் படிக்கிறோம். ஆனால் அதன் கடைசியில், அவர் கோட்டைச் சிறையில் காவலர்க்கு உடம்பு சரியில்லாதபோது கசாயம் காய்ச்சிக் கொடுக்கிறார், யாருக்காகவும் குடிப்பதில்லை, நன்றாகத் தூங்குகிறார் என்று எழுதியிருந்தீரே, அந்த இடத்தில் எமக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி இப்போது நடந்ததைக் கேளும். அரசருக்கு முறைக்காய்ச்சல் கண்டது. மருத்துவர் நிலவேம்பு காய்ச்சிக் கொண்டுவந்தார். குடிப்பதற்கு ஆள் இல்லை. மாற்றுமெய்யர் உம் சிறையில் இருக்கிறார். மூத்த அமைச்சர் என்ற முறையில் அக்கிண்ணம் எம்மிடம் நீட்டப்பட்டது. குடித்தோம். அன்று முழுதும் எம் வயிறு பட்ட பாட்டை ஓலையில் எழுதுவது மரபன்று. அரசரின் காய்ச்சலோ ஏறியது. மறுநாள் படைத்தலைவர் குடித்தார். காய்ச்சல் இன்னும் ஏறியது. மருத்துவர், தாம் எந்த வேந்தரிடமும் இப்படிப் பேசியதில்லை என்று சொல்லிக்கொண்டே, மருந்து நோயாளியின் வயிற்றுக்குள் போனால்தான் நோய் இறங்கும், தம் ஆசிரியர் தமக்கு அப்படித்தான் கற்பித்தார் என்று விண்ணப்பித்தார். அரசர் கிண்ணத்தைத் தாமே எடுத்தார். யாரும் தாங்கிப் பிடிக்க வேண்டாம் என்று சைகை காட்டினார். பாதியைப் போர்வையில் சிந்தி, மீதியைக் குடித்தார்.

குடித்தவர் முகம் சுளித்தது. மாமன்னர் நெடுங்குவளைக்கோவின் முகம் சுளித்ததை இந்நாட்டில் கண்டவர் எவரும் இல்லை; எப்படி வணங்குவது என்று தெரியாமல் நாங்கள் கண்களைத் தாழ்த்திக்கொண்டோம். பிறகு வியர்த்தது. காய்ச்சல் இறங்கிற்று. இறங்கியதும் அவர், நாகன் இதையா குடித்துக்கொண்டிருந்தான் என்று கேட்டார். ஆம் என்றோம். எப்போதிருந்து என்றார். மீசை அரும்பும் பருவத்திலிருந்து என்றோம். அவன் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லையே என்றார். சுளிக்கலாகாது என்பது விதி, அந்நேரத்தில் அது தங்கள் முகம் என்று சொன்னோம். அரசர் அழுதார். யாமும் அழுதோம். அது சடங்குக் கண்ணீர் அன்று.

அழுகை நின்றதும் அரசர், முழுநிலா என்றைக்கு என்று கேட்டார். நெருங்கிவிட்டது என்றோம். குதிரைகளிலேயே விரைவான குதிரை எது என்று அடுத்துக் கேட்டார். அந்தக் குதிரைதான் இப்போது உம் முற்றத்தில் நுரை தள்ளி நிற்கிறது. இன்னும் தண்ணீர் காட்டவில்லையெனில் இப்போதாவது காட்டும்.

ஆணை யாதெனில்: சேந்தன் நாகன் இக்கணமே விடுவிக்கப்படுகிறார். அவர் மலையில் இருக்கலாம், ஊருக்கு வரலாம், எங்கும் போகாமலும் இருக்கலாம். அவர் பெற்றது அவருடையது. மாற்றுமெய்யர் என்னும் பதவி அவரோடு ஒழிகிறது. அவர் மக்களுக்கு அது இறங்காது. அரசர் முதல் கடைக்குடி வரை இனி அவரவர் கசாயத்தை அவரவரே குடிக்க. அமைச்சர்களும் தனித்தனியே சிறிய மாற்றுமெய்யர்களை வைத்திருந்தோம். அவர்களையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. நோன்பு நாள்களில் எம் வயிற்று இரைச்சலை இப்போது யாமே கேட்கிறோம். இதற்கு முன் அது அண்டை வீட்டுச் சத்தம் என்று எண்ணியிருந்தோம்.

மேலும், அரசர் உம் மலைக்கு வருகிறார். பல்லக்கில் அன்று, தேரில் அன்று, நடந்து வருகிறார். தனியே வருகிறார். மூன்று விகாரத்தாரும் மலையடியில் தத்தம் வழிக்கு வளைவு கட்டிக் கொடியேற்றி, இவ்வழியே வருக என்று கூவ ஆளும் வைத்திருக்கிறார்கள் எனக் கேள்விப்பட்டோம். வளைவுகளை அவிழ்த்துவிடும். எவ்வழியில் ஏறுவது என்பதை அரசர் அங்கு வந்து, தம் காலைக் கேட்டு முடிவு செய்வார். வழியில் விரிப்பு விரிக்க வேண்டாம். அட்டை கடித்தால் கடிக்கட்டும். அட்டைகளை முன்கூட்டிப் பிடித்து அகற்றும் வேலையில் நீர் இறங்க வேண்டாம். அவர் களைத்து உட்கார்ந்தால் உட்காரட்டும். நடக்க வைக்க என்று யாம் எங்கும் எழுதவில்லை என்பதை நன்றாகக் கவனிக்க. நாகன் அவருக்கு வழிகாட்ட வேண்டியதில்லை. அவர் விரும்பினால் ஒரு வாய் தண்ணீர் தரலாம்.

அமைச்சரே, நீரும் வருகிறீரா என்று அரசர் புறப்படும்போது எம்மைக் கேட்டார். நாட்டுப் பணி மிகுதியாக இருப்பதால், எம் சார்பில் எழுத்தனை அனுப்பி வைக்கலாமா என்று கேட்க வாயெடுத்தோம். பாதியில் நிறுத்திக்கொண்டோம். அரசர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எம்மை உறங்கவிடவில்லை என்பதை உறவு முறையில் உமக்கு மட்டும் சொல்லி வைக்கிறோம்.

இவ்வோலைக்குக் குவளை முத்திரை இடப்படவில்லை. முத்திரையை அரசருக்காக இடுவது முத்திரைக் காவலரின் பணி. அரசர் இம்முறை அதை வேண்டாம் என்றார். எழுத்தாணியைத் தாமே வாங்கி, நாகனுக்கு என ஓலையின் அடியில் ஒரு வரி கீறினார். ஓலை ஓரிடத்தில் கிழிந்தது. எழுத்துகள் மழைக்கு ஒதுங்கிய கோழிக்குஞ்சுகள்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பிழை ஒன்றும் இருக்கிறது. எழுத்தன் திருத்தப் போனபோது, தொடாதே, அது எம்முடையது என்று அரசர் தடுத்துவிட்டார். அதனால் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றும் கீரனாரே, அப்பிழையை நீரும் திருத்தாமல் நாகனுக்குப் படித்துக் காட்டும். காட்டுவது என்றால் இங்கே காட்டுவதேதான். ஓலையை அவர் கையிலேயே கொடுத்துவிடும். இப்படிக்கு, அறத்தின்வழி நின்று, தலைமை அமைச்சன் எயினன் பூதன்.

நாகா, ரொம்பக் கசக்கிறது. இது யாம் எழுதுவித்தது அன்று. யாம் எளுதியது.